கராம்பு முற்றத்துச் சுவர்

2026 மார்ச் 10, செவ்வாய்.

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. வெட்டிய சரிவின் விகிதத்தைத் தலைகீழாக எழுதிவிட்டேன். நிலை ஒன்றுக்குக் கிடை இரண்டு என்று இருக்க வேண்டும். நான் எழுதியபடி விட்டால் காகிதத்தில் மலை செங்குத்தாகிவிடும். சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன்.

சேர், மாலை வகுப்பின் முதல் வாரத்திலேயே நீங்கள் சொன்னீர்கள், கட்டட வேலை செய்பவனின் தினக்குறிப்பு அன்றைய பிழையோடு தொடங்க வேண்டும் என்று. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிழை இல்லாத நாள் எனக்கு அமைவதே இல்லை.

இன்றைக்கு எழுதுவது கொஞ்சம் நீளும். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. உம்மா அடுப்படியில் கஞ்சி கிண்டுகிறார். உம்மாவின் தம்பி சாலிஹ் மாமா முன் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். நூருன்னிஸா மாமி மௌத்தான நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

மாமிமேல் விழுந்த சுவர் ஏன் விழுந்தது என்று நீங்கள் விசாரிக்கிறீர்கள். எனக்குப் பாடம் சொல்லித் தருகிற ஆறுமுகநாதன் சேரே பிரதேச சபையின் பொறியியலாளராக அந்த வேலைக்கு வந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஒன்றும் பொய் இல்லை, இரண்டு இடங்களைத் தவிர. நீங்கள் கேட்காததை இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். கராம்பைக் கடையில் போத்தலுக்குள் பார்த்திருப்பீர்கள். இரத்தோட்டைப் பக்கத்தில் வீடுகள் மலையை வெட்டித்தான் நிற்கின்றன. வீட்டுக்குப் பின்னால் தாங்கு சுவர். அதன் அடியில் வரிசையாகக் குழாய்த் துளைகள். மண்ணில் ஊறுகிற தண்ணீர் அவற்றால் வெளியே வர வேண்டும். வராவிட்டால் அது சுவரைத் தள்ளும். சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் சீமெந்து முற்றம். கராம்பும் மிளகும் காய்வது அங்கேதான், வேறு சமதரை யாருக்கும் இல்லை.

ஜனவரியில் மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் கராம்பு விரிப்பார்கள். அப்போதும் துளைகளால் செம்மண் தண்ணீர் சொட்டும். கறை பட்ட கராம்பை வியாபாரி தனியாக ஒதுக்கிவிடுவார். அதனால் தேங்காய்த் தும்பை உருட்டித் துளைகளில் அடைப்பார்கள். அடுத்த மழைக்காலம் வருமுன் பிடுங்கிவிடுவார்கள். மழை தன்னுடைய மாதத்தில் வந்த காலம்வரை இந்தப் பழக்கத்தில் பிழை இருக்கவில்லை. இப்போது பெப்ரவரியிலும் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது.

இதை வகுப்பில் நான் சொன்னபோது நீங்கள் கரும்பலகையை அழித்துவிட்டு, முதலில் இருந்து வரையச் சொன்னீர்கள். என் வாழ்க்கையில் ஒருவர் எனக்காகக் கரும்பலகையை அழித்தது அதுதான் முதல் தடவை.

பகலில் நான் மாத்தளை நகரத்தில் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அங்கே தாங்கு சுவருக்கு ஒரே வரைபடம்தான், நான் பிறக்க முன்னமே யாரோ வரைந்தது. துளையின் அளவும் இடைவெளியும் அந்தக் காலத்து மழை அட்டவணையை வைத்துப் போட்டவை. மேலே தோட்டங்களில் மண் சரிந்து லய வீடுகளை இழந்த குடும்பங்களுக்கு நாற்பது வீடு கட்டப் போகிறார்கள். அந்தக் காணிக்கும் இதே சுவர்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் காயவைக்கும் முற்றம், கராம்புக் கன்று இலவசம். அந்த வரைபடத்தைப் பிரதி செய்தவன் நான். கீழ் வரிசையில் கடைசி வீடு பிரதீஷின் அம்மாவுக்கு. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற அதே பிரதீஷ்தான்.

சபைக் கூட்டத்தில் நான் பேசியதை நீங்கள் பார்த்தீர்கள். இனிவரும் மழைக்கு ஏற்பத் துளைகளைக் கணக்கிட வேண்டும், துளை வாயில் நிரந்தரமாகக் கம்பி வலை வேண்டும், சுவரடியில் தண்ணீர் ஓட மூடிய கான் வேண்டும், அப்போது யாரும் அடைக்கத் தேவையில்லை. இவ்வளவையும் சிங்களத்தில் ஒழுங்காக எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் வரியிலேயே குரல் உடைந்துவிட்டது. தலைமையில் இருந்தவர் நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார். பிறகு, இந்த மாதிரிச் சுவர் எங்கே விழுந்திருக்கிறது என்று கேட்டார். இன்னும் விழவில்லை என்றேன். அப்படியானால் விழுந்த பிறகு வாருங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை.

பஸ் நிலையத்தில் பிரதீஷ் என்னை விடவில்லை.

"என்னா மச்சான், மைக்குக்கே ஒன்னப் பாத்துப் பாவமா போயிருச்சு. கொரலே வரல. ஆடு கத்துன மாதிரி ஒரு சத்தம்."

"நீ வந்து பேசியிருக்கலாமே."

"நான் பேசுனா, வீடு தாறதே பெரிசு, இதுல ஓட்டைக்குக் கணக்குக் கேக்குறியான்னு வெரட்டுவாங்க. அம்மா இப்பவே ஜன்னலுக்குத் தெரச்சீல வாங்கி வச்சிருக்குது. வீடு இல்ல, தெரச்சீல இருக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பஸ் வந்தது, அவன் ஏறவில்லை. "மேல லயத்துலயும் மண்ணு வந்துச்சு. இப்ப கீழ போனாலும் மண்ணுங்கற. எங்கதான்டா போறது, சொல்லு."

அடுத்த பஸ்ஸில்தான் ஏறினோம்.

அந்த வாரம் வகுப்பில் நீங்கள், கட்டட விதிக்கோவையில் இருக்கிற ஒவ்வொரு பிரிவுக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கிறது, கணக்கைக் காட்டி யாரும் விதியை மாற்றியதில்லை என்றீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் சொன்னது உண்மை. நான் அதை ஒரு வேலை ஒழுங்காக, முதலில் விபத்து, பிறகு விதி என்று எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். சித்திரைப் புதுவருடம் முடிந்ததும் காணியில் அத்திவாரம் வெட்டுவார்கள். அதற்கு முன் எங்கேயாவது ஒரு சுவர் விழ வேண்டும். ஒரு சுவர் விழுந்தால் நாற்பது சுவர் நிற்கும்.

எந்தச் சுவர் என்று தெரிவு செய்வதில்தான் அதிக நேரம் போனது. ஊரானுடைய சொத்தில் கைவைப்பது அநியாயம். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவே கூடாது. சாலிஹ் மாமாவின் சுவர் சொந்தக்காரருடையது. கணக்கிலும் அதுதான் பலவீனமானது. விழுந்தால் மண் முற்றத்தோடு நின்றுவிடும், வீட்டுக்கு வராது. மழை நாளில் முற்றத்தில் யார் நிற்கப் போகிறார்கள். இப்படித்தான் யோசித்தேன். நியாயமாகத்தான் யோசித்தேன் என்று இப்போதும் படுகிறது.

ஜனவரி முடிவில் மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இந்த வருடம் தும்பு அடைக்க நான் வருகிறேன் என்றேன். மாமிக்குச் சந்தோஷம். பிளேன்டீயும் வெல்லமும் கொண்டுவந்து சுவர் ஓரத்தில் வைத்துவிட்டு, மாமாவுக்குக் கேட்கும்படியாகச் சத்தம் போட்டார்.

"இங்க பாருங்க, படிச்ச புள்ள எவ்வளவு வடிவாச் செய்யுது. நீங்க அடச்சா முத்தம் முழுக்கச் செம்மண்ணுதான்."

"அவன் படம் போட்டு அடைக்கிறான்," என்றார் மாமா உள்ளேயிருந்து. "நான் சும்மா அடைக்கிற. ஒழுகாதிருந்தா அவனுக்குப் பட்டம் குடு."

மாமி உள்ளே போன பிறகு வேலையை முடித்தேன். இதுதான் நான் பொய் சொன்ன முதல் இடம், சேர். தும்பு மட்டும்தான் வைத்தேன் என்று உங்களிடம் சொன்னேன். தும்பு துளையின் வாயில் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பின்னால், ஒரு சாண் உள்ளே, சீமெந்துக் கலவை.

ஏன் அது தேவைப்பட்டது என்று நீங்கள் கேட்பீர்கள். தும்பு தண்ணீரை முழுதாக நிறுத்தாது. மெல்ல மெல்லக் கசிய விடும். தும்பு மட்டும் இருந்தால் அந்தச் சுவர் விழுமா என்று மூன்று தடவை கணக்குப் போட்டேன். இரண்டு தடவை விழும் என்று வந்தது. ஒரு தடவை நிற்கும் என்று வந்தது. எந்த இடத்தில் பிழை விட்டேன் என்று இன்றைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் கணக்கில் எனக்கு நம்பிக்கை இருந்திருந்தால் நான் காத்திருந்திருப்பேன். சீமெந்து தேவைப்பட்டிருக்காது.

பெப்ரவரி கடைசி வாரம், நோன்பு தொடங்கிச் சில நாள். புதன் இரவு மழை பிடித்தது. வியாழன் முழுக்க விட்டுவிட்டுப் பெய்தது. அன்று பின்னேரம் மாமி உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். பேசி முடிந்ததும் என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"மகன், ஒங்கட கை ராசியான கை. இவ்வளவு மழைக்கும் ஒரு சொட்டு வருதில்ல பாருங்க. முத்தம் பளிங்கு மாதிரி இரிக்கி."

"நல்லம் மாமி," என்றேன்.

நோன்பு திறக்க என்ன செய்திருக்கிறார் என்று கேட்டேன். சமோசா என்றார். தொலைபேசியை உம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில். மாமி கராம்பை மறுபடி விரித்தார். அன்று ஜும்ஆத் தொழுகைக்கு நான் மாமாவோடு அவருடைய ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போனேன். குத்பா பிரசங்கம் தொடங்கியபோது வெளியே இருண்டது. பிறகு கூரையில் மழை விழுந்த சத்தத்தில் ஹஸரத்தின் குரல் கேட்கவில்லை. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு ஒருவர் வாசலில் நின்று மாமாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

நாங்கள் போனபோது சுவரும் இல்லை, முற்றமும் இல்லை. செம்மண், அதன்மேல் கராம்பு. மழையில் நனைந்த கராம்பின் வாசம் அந்த வளவு முழுக்க இருந்தது. எல்லோரும் கையால் தோண்டினார்கள். நானும் தோண்டினேன். மாமியின் கை முதலில் எனக்குத்தான் அகப்பட்டது. விரல்கள் மூடியிருந்தன. உள்ளே ஒரு உருண்டை தும்பு. அதை எடுத்து என் சாரத்தின் மடிப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டேன்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். மழை விழுந்ததும் மாமி கராம்பை அள்ள ஓடி வந்தார். சுவர் வெடித்திருப்பதைக் கண்டார். அள்ளுவதை விட்டுவிட்டுத் தும்பைப் பிடுங்கினார். தண்ணீர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று குனிந்து பார்த்திருப்பார். அந்த வீட்டில் அன்று செய்ய வேண்டிய சரியான காரியத்தைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் நீங்கள் வந்தீர்கள். குடை பிடிக்க ஆள் வந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மழையில் நின்றீர்கள்.

"தம்பி, துளைப் பைப்பெல்லாம் எங்கை? ஒண்டையும் காணேல்லை."

"பெக்கோ மெசினால அள்ளின மண்ணோட போயிருக்கும் சேர்."

"ம். உமக்கு ஏலாட்டி வீட்டை போய்ப் படும். மாமியல்லோ."

"இல்ல சேர், படம் எடுக்க நான் இருக்கிறன்."

அது இரண்டாவது பொய்: முதல் நாள் இரவே குழாய்த் துண்டுகளைப் பொறுக்கி உரப்பையில் போட்டு, வரும் வழியில் ஆற்றில் விட்டவன் நான். அதற்குப் பிறகும் நீங்கள் என் தோளில் கைவைத்தது ஞாபகம் இருக்கிறது.

மாமா உங்களிடம் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். புதன் இரவு மழைச் சத்தம் கேட்டதும், தும்பைப் பிடுங்கிவிடவா என்று மாமி கேட்டாராம். இரண்டு நாள் பொறு, கராம்பு காயட்டும் என்று இவர் சொன்னாராம். அதனால் மாமியைக் கொன்றது தான்தான் என்று நம்புகிறார். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினால் எழும்புகிறார், கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தண்ணீரை மட்டும் குடிக்கிறார். நேற்று உம்மாவிடம், "அவ கேட்டாளே ராத்தா, என்னிட்டக் கேட்டாளே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உம்மா என்னைப் பார்த்தார், நீயாவது ஏதும் சொல் என்பது போல.

நான் ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். மாமி பிடுங்கிவிட்டார் மாமா, அது அவருடைய கையிலேயே இருந்தது. அன்றிரவே அவர் தூங்குவார். ஆனால் அதைச் சொன்னால், பிடுங்கிய துளையால் ஏன் தண்ணீர் வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்காது. பிறகு இது காலம் மாறிய மழையில், பழைய அளவுத் துளைகளால், தும்பு அடைக்கிற பழக்கத்தால் விழுந்த சுவர் இல்லை. ஒருவன் அடைத்ததால் விழுந்த சுவர். அதற்காக யாரும் விதியை மாற்ற மாட்டார்கள்.

மாற்றப் போகிறார்கள், சேர். நீங்களே அந்தப் பிரிவை எழுதியிருக்கிறீர்கள். புதிய மழை அளவு, கம்பி வலை, மூடிய கான், எல்லாம் இருக்கிறது. என்னுடைய வசனங்களில் சிலவற்றை அப்படியே வைத்திருக்கிறீர்கள். நாளைக் கூட்டத்தில் அது நிறைவேறினால் நாற்பது வீட்டுக்கும் வரைபடம் மாறும். பிரதீஷ் நேற்று வீட்டுக்கு வந்தான். மாமாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். போகும்போது கேற்றடியில் என் கையைப் பிடித்தான்.

"ஒங்க மாமி உசுரக் குடுத்து எங்கம்மாவக் காப்பாத்திட்டாங்க மச்சான்."

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. நான் தலையசைத்தேன். அவன் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை.

ஒரு விடயம் மட்டும் இன்னும் எழுதவில்லை. மழை நாளில் முற்றத்தில் யார் நிற்கப் போகிறார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை வாசித்துப் பார்த்தேன். இரத்தோட்டையில் பிறந்த எவனும் அப்படி எழுத மாட்டான். மழை வந்தால் எல்லோரும் ஓடுவது முற்றத்துக்குத்தான். சாக்கு, தகரம், பாய், எது கிடைத்தாலும் அதில் கராம்பை அள்ளுவோம். எனக்கு நடக்கத் தெரிந்த காலத்திலிருந்து அந்த முற்றத்திலேயே நான் அள்ளியிருக்கிறேன், மாமி சாக்கின் வாயைப் பிடிக்க.

அன்று குத்பாவின் நடுவில் கூரையில் மழை விழுந்ததும், பக்கத்தில் இருந்த மாமா ஒரு காலை ஊன்றி எழும்பப் பார்த்தார். வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார். கராம்பு என்று வாயசைத்தார். நடந்து போனாலே சில நிமிடத்தில் வீடு. நான் அவருடைய முழங்காலில் கையை வைத்து அழுத்தினேன். குத்பா நடக்கும்போது பேசக் கூடாது, அதனால் ஒன்றும் பேசவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். மாமாவையாவது காப்பாற்றினேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடமிருந்து காப்பாற்றினேன் என்பதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன். அவர் போயிருந்தால் இரண்டு பேராக அள்ளிக்கொண்டு சீக்கிரம் உள்ளே போயிருப்பார்கள். அல்லது இரண்டு பேரும் போயிருப்பார்கள். இதற்கும் என்னால் கணக்குப் போட முடியவில்லை. ஆனால் கையை வைத்தபோது, மாமி அந்த நேரத்தில் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். சுவர் அன்றைக்கு நின்றுவிடுமோ என்பதுதான் என்னுடைய பயமாக இருந்தது.

நாளைக் கூட்டத்துக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறீர்கள். "சாலிஹ் ஒரு வார்த்தை சொன்னாப் போதும் தம்பி, சபையில ஒருத்தரும் எதிர்க்க மாட்டினம்." உண்மைதான். இந்தப் பக்கங்களைக் கூட்டம் முடிந்து, பிரிவு கையொப்பமான பிறகு உங்களிடம் தருவேன். அத்திவாரம் வெட்டத் தொடங்கிய பிறகு தருவது இன்னும் பாதுகாப்பு. வீடுகள் முடிந்த பிறகு என்றால் யாராலும் எதையும் மாற்ற முடியாது.

பாங்கு சொல்லப் போகிறது. உம்மா கூப்பிடுகிறார்.

நாளை: ஸஹருக்கு மாமாவை எழுப்பிக் கொஞ்சமாவது சாப்பிடச் செய்வது. அவருடைய வெள்ளைச் சட்டையை அயன் பண்ணுவது. வரைபடப் பிரதிகளை எடுத்துக்கொள்வது. காலை பஸ்ஸில் அவருக்கு முன் சீட் பிடிப்பது, நோன்பு வயிற்றோடு வளைவுகளில் தலை சுற்றும். போகும் வழியில், "தும்பைப் பிடுங்க வேண்டாம் என்று சொன்னது நான்தான்" என்ற வசனத்தை அழாமல் சொல்ல அவரை ஒரு தடவை பழக்குவது.